தமிழ்நாட்டில் வறுமை 2.2 சதவீதம் என்றால் குழந்தைகளின் நிலை என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2023 ஜூலையில் வெளியிட்ட அறிக்கைப்படி, தமிழ்நாட்டு மக்களில் 2.20 சதவீதம் பேர் பல்பரிமாண வறுமையில் இருக்கிறார்கள். இந்த எண்ணை பட்ஜெட் உரையிலும் கேட்டோம், மேடைகளிலும் கேட்கிறோம். "அப்படியென்றால் குழந்தைகள் வறுமை ஏறக்குறைய முடிந்துபோன விஷயமா?" என்று பலரும் கேட்கிறார்கள். முடியவில்லை என்பதுதான் என் பதில். ஏன் என்பதைக் கேள்வி பதிலாக எழுதுகிறேன்.

வறுமை என்றால் வருமானம் குறைவு என்பதுதானே? பல்பரிமாணம் எதற்கு?

கையில் காசு இருந்தால் மட்டும் எல்லாம் கிடைத்துவிடாது. கொத்தனார் வேலைக்குப் போகும் ஒருவருக்குக் கூலி ஓரளவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குத் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது, ஆரம்ப சுகாதார நிலையம் இரண்டு பஸ் மாறிப் போகும் தொலைவில் இருக்கிறது. அவர் வருமானம் வறுமைக் கோட்டுக்கு மேலே இருந்தாலும் அவர் பிள்ளையின் நாள் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். பணம் ஒன்றை மட்டும் அளக்காமல் உடல்நலம், படிப்பு, வீட்டு வசதி என்று பல பக்கத்திலிருந்து இல்லாமையை எண்ணுவதுதான் பல்பரிமாண முறை. இதன் கணக்கை வகுத்தவர்கள் சபீனா அல்கைர், ஜேம்ஸ் ஃபாஸ்டர் என்ற இரண்டு பொருளாதார வல்லுநர்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையமும் சேர்ந்து 2010 முதல் உலக அளவில் இந்தக் குறியீட்டை வெளியிடுகின்றன.

இந்தியக் குறியீட்டில் எதையெல்லாம் பார்க்கிறார்கள்?

மொத்தம் 12 விஷயங்கள். உடல்நலத்தில் ஊட்டச்சத்து, குழந்தை மற்றும் வளரிளம் பருவ இறப்பு, தாய்மைக்காலக் கவனிப்பு. கல்வியில் வீட்டில் யாராவது ஒருவர் ஆறு ஆண்டுப் படிப்பை முடித்திருக்கிறாரா என்பதும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்பதும். வாழ்க்கைத் தரத்தில் ஏழு: சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீட்டின் தரையும் சுவரும் கூரையும், டிவி, சைக்கிள், போன் போன்ற சொத்துகள், வங்கிக் கணக்கு. மூன்று பிரிவுக்கும் தலா மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. ஒரு வீட்டில் இல்லாதவற்றின் மதிப்பைக் கூட்டி, அது மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் அந்த வீட்டில் உள்ள எல்லோரும் ஏழைகள் என்று கணக்கு.

இதை ஒரு வீட்டில் போட்டுக் காட்ட முடியுமா?

முடியும். மண் தரை, விறகு அடுப்பு, கழிப்பறை கிடையாது, நான்கு வயதுப் பையன் ஊட்டச்சத்துக் குறைவால் வயதுக்குரிய உயரம் வளரவில்லை. இப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மின்சாரம், போன், டிவி, வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. குடிநீர் தெருக்குழாயில் வருகிறது. மூத்தவள் பள்ளிக்குப் போகிறாள், அப்பா எட்டாவது வரை படித்தவர்.

ஊட்டச்சத்தின் மதிப்பு ஆறில் ஒரு பங்கு, அதாவது 16.67. வாழ்க்கைத் தரத்தில் ஒவ்வொன்றுக்கும் இருபத்தொன்றில் ஒரு பங்கு, அதாவது 4.76. தரை, அடுப்பு, கழிப்பறை மூன்றும் சேர்ந்து 14.29. மொத்தம் 30.95. தேவையான எல்லை 33.33. ஆக, இந்த வீடு ஏழை வீடு இல்லை. இதே வீட்டுக்குத் தண்ணீர் எடுத்துவர அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டியிருந்தால் 35.71 ஆகிவிடும். அப்போது ஏழை வீடு.

கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை. எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த நான்கு வயதுப் பையன் 2.2 சதவீதத்துக்குள் வரவே இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

2.2 என்பது மற்ற மாநிலங்களோடு பார்த்தால் எப்படி?

மிக நல்ல நிலை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2015-16ல் தமிழ்நாடு 4.76ல் இருந்தது, 2019-21ல் 2.20க்கு வந்தது. கேரளம் 0.55. பீகார் 51.89லிருந்து 33.76க்கு இறங்கியது. நாடு முழுவதும் 24.85லிருந்து 14.96. ஐந்து ஆண்டில் ஏறத்தாழ 13.5 கோடிப் பேர் இந்த வறுமையிலிருந்து மீண்டதாக நிதி ஆயோக் சொல்கிறது.

இந்தத் தலைக்கணக்கோடு இன்னொன்றும் உண்டு. ஏழை என்று எண்ணப்பட்டவர்கள் சராசரியாக எத்தனை இல்லாமைகளைச் சுமக்கிறார்கள் என்பது. அதை ஆழம் என்று சொல்லலாம். இந்தியாவுக்கு அது 44.39 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் வரும் 0.066தான் குறியீடு. ஏன் பெருக்க வேண்டும்? தலைக்கணக்கை மட்டும் வைத்தால், எல்லைக்கு ஒட்டினாற்போல் 34ல் நிற்கும் வீட்டுக்கு ஒரு எரிவாயு இணைப்பு கொடுத்து எண்ணைக் குறைத்துவிடலாம். 70ல் கிடக்கும் வீட்டைக் கவனிக்க அதிகாரிக்கு எந்தத் தூண்டுதலும் இருக்காது. ஆழத்தையும் சேர்த்தால் அந்த 70ஐ 50 ஆக்கினாலும் குறியீட்டில் தெரியும்.

இதில் குழந்தைகள் தனியாகத் தெரிகிறார்களா?

பாதிதான். பள்ளி, இறப்பு, ஊட்டச்சத்து எல்லாம் குழந்தைகளைத் தொடும் விஷயங்கள்தான். ஆனால் எண்ணுவது வீட்டை. ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே மதிப்பெண். உலக அளவில் 2024ல் 110 கோடிப் பேர் பல்பரிமாண வறுமையில் இருப்பதாகவும், அவர்களில் 58.4 கோடிப் பேர் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்றும் கணக்கிட்டார்கள். குழந்தைகளில் 27.9 சதவீதம், பெரியவர்களில் 13.5 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல். இதிலும் ஏழை வீட்டில் வாழும் குழந்தைகளைத்தான் எண்ணியிருக்கிறார்கள். ஏழை என்று எண்ணப்படாத வீட்டில் சோர்ந்துபோய் இருக்கும் குழந்தை இதில் வராது.

தமிழ்நாட்டின் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீடு சார்ந்த வறுமை 2.2. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019-21) ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 25 சதவீதம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் 57.4 சதவீதம். முந்தைய சுற்றில் அது 50.7. வறுமை பாதியாகக் குறைந்த அதே காலத்தில் ரத்தசோகை கூடியிருக்கிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து அளக்கும் முறை எவ்வளவு துல்லியம் என்று வல்லுநர்களுக்குள் விவாதம் இருக்கிறது, சரி. ஆனால் எப்படிக் கழித்தாலும் இது சின்ன எண் ஆகிவிடாது. ரத்தசோகை அந்த 12 விஷயங்களில் ஒன்றாகவே இல்லை.

வயதுக்கேற்ற உயரம் என்பது அவ்வளவு முக்கியமா? குடும்பமே குட்டையாக இருக்கலாமே?

ஒரு அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளில் உட்கார்ந்திருந்தேன். மூன்று வயது முடிந்த ஒரு பெண் குழந்தையை டீச்சர் அளவுப் பலகையில் நிறுத்தினார். செருப்பைக் கழற்றச் சொல்லி, உச்சியில் போட்டிருந்த குடுமியை அவிழ்த்து, குதிகால் பலகையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தார். 85 சென்டிமீட்டர். எடை 12 கிலோ, அதில் குறை இல்லை. "நல்லா குண்டாத்தானுங்க டீச்சர் இருக்கா, எங்க வீட்ல எல்லாருமே குட்டைதானுங்க" என்றார் அம்மா. டீச்சர் சிரித்துக்கொண்டே, "இல்லம்மா, இவ வயசுக்கு 95 இருக்கணும். 87க்குக் கீழ போனா நாமதான் கவனிக்கணும்" என்று சத்துமாவுப் பாக்கெட்டை எடுத்து, நாளைக்கு எத்தனை வேளை கொடுக்கிறீர்கள், வீட்டில் வேறு யார் யார் அதைச் சாப்பிடுகிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

அந்த டீச்சர் சொன்னது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நன்றாக ஊட்டம் பெற்ற குழந்தைகள் எந்த நாட்டில் பிறந்தாலும் முதல் ஐந்து ஆண்டில் ஏறத்தாழ ஒரே மாதிரி வளர்கிறார்கள் என்று பல நாடுகளில் அளந்து பார்த்து 2006ல் வகுத்தது. தனியாக ஒரு குழந்தை அப்பா அம்மாவைப் போலக் குட்டையாக இருக்கலாம். நான்கில் ஒரு குழந்தை அப்படி என்றால் அதைப் பரம்பரை என்று விட முடியாது. வயிற்றிலிருக்கும்போதே தொடங்கும் ஊட்டக்குறைவு, அடிக்கடி வரும் பேதி, இவையெல்லாம் சேர்ந்து உயரத்தில் தெரிகின்றன. எடை ஒரு மாதத்தில் ஏறி இறங்கும். உயரம் பல மாத வரலாற்றைச் சொல்லும். அளக்கும்போது இரண்டு சென்டிமீட்டர் தவறினால் முடிவே மாறிவிடும் என்பதால்தான் அந்தக் குடுமியை அவிழ்த்த கை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அப்படியென்றால் குழந்தையைத் தனியாக எப்படி அளப்பது?

வீட்டை விட்டுவிட்டுக் குழந்தையை எண்ண வேண்டும். யுனிசெஃப் இதற்கென்று ஒரு முறையை வைத்திருக்கிறது. அதன் முதல் விதி, வயதுக்கு வயது கேள்வி மாற வேண்டும் என்பது. கைக்குழந்தையிடம் பள்ளி பற்றிக் கேட்டுப் பயன் இல்லை, பதினாறு வயதுப் பெண்ணிடம் தடுப்பூசி பற்றிக் கேட்டும் பயன் இல்லை. ஐந்துக்குள் என்றால் உயரம், தடுப்பூசி, அங்கன்வாடி. ஐந்து முதல் பதினான்கு என்றால் பள்ளிக்குப் போகிறதா என்பதோடு, போய் எழுத்துக் கூட்டிப் படிக்கிறதா என்பதும். அதற்கு மேல் பன்னிரண்டாவது வரை படிப்பு தொடர்கிறதா, வேலைக்கு அனுப்பிவிட்டார்களா, கல்யாணம் பேசிவிட்டார்களா. கல்யாணம் என்று சொல்லக் காரணம் உண்டு. தேசிய குடும்ப நல ஆய்வின் அதே ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே திருமணம் ஆனவர்கள். எட்டில் ஒருவர். இதுவும் 12 விஷயங்களில் இல்லை.

தனித்தனி சதவீதங்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே, எல்லாவற்றையும் சேர்த்து ஏன் கணக்குப் போட வேண்டும்?

கொள்கை வகுப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. இரண்டு ஒன்றியங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டிலும் தலா நூறு குழந்தைகள். இரண்டிலும் 20 பேருக்கு உயரம் குறைவு, 20 பேர் வீட்டில் கழிப்பறை இல்லை, 20 பேர் படிப்பில் பின்தங்கியிருக்கிறார்கள். துறை அறிக்கைகளில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

முதல் ஒன்றியத்தில் மூன்று குறையும் உள்ளவர்கள் அதே 20 பேர். ஒரு மலைக்கிராமமோ ஒரு காலனியோ அப்படியே விடுபட்டுப் போயிருக்கிறது. அங்கே சுகாதாரத் துறை தனியாக, ஊரக வளர்ச்சித் துறை தனியாக, கல்வித் துறை தனியாகப் போனால் காரியம் ஆகாது. மூன்று துறையும் ஒரே இடத்துக்கு ஒரே ஆண்டில் போக வேண்டும். இரண்டாவது ஒன்றியத்தில் 60 பேருக்கு ஆளுக்கு ஒரு குறை. அங்கே ஒவ்வொரு துறையும் தன் வேலையை ஊர் முழுவதும் ஒழுங்காகச் செய்தாலே போதும். தனித்தனி சதவீதங்களை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் தெரியாது. ஒரு குழந்தையின் எல்லாக் குறைகளையும் ஒன்றாக எழுதி வைத்தால்தான் தெரியும்.

மாவட்ட அளவில் எண்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன, ஆனால் அவற்றை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று ஏறத்தாழ 28 ஆயிரம் வீடுகளில் நடந்தது. 2020 தொடக்கத்தில் ஆரம்பித்து, கொரோனாவால் நின்று, ஆண்டுக் கடைசியில் மறுபடி தொடங்கி 2021 மார்ச்சில் முடிந்தது. 32 மாவட்டங்களுக்குத்தான் கணக்கு. தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு, மயிலாடுதுறை ஆகியவற்றுக்குத் தனி எண் அதில் கிடையாது. கல்வராயன் மலை இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டம் அந்த ஆய்வில் பழைய விழுப்புரத்துக்குள் கலந்து கிடக்கிறது.

ஒரு மாவட்டத்துக்குச் சராசரியாக 870 வீடு வரும். அதில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே பாருங்கள். மாவட்டத்தைப் பற்றி ஓரளவு பேசலாம், ஒன்றியத்தைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் குறைகள் குவிந்திருப்பது ஒன்றியத்திலும் அதற்குள் இருக்கும் குக்கிராமத்திலும்தான். கோயம்புத்தூரின் சராசரியைப் பார்த்து வால்பாறை மலையில் இருக்கும் பழங்குடிக் குடியிருப்பின் நிலையை யாரும் ஊகிக்க முடியாது.

இந்த இடைவெளியை நிரப்பக் கூடியது அங்கன்வாடிப் பதிவு. மாதாமாதம், குழந்தை குழந்தையாக, போஷன் டிராக்கர் என்ற ஊட்டச்சத்துக் கண்காணிப்புச் செயலியில் ஏறுகிறது. ஆய்வு ஒழுங்காக அளந்தது, ஆனால் எப்போதோ ஒருமுறை, சில வீடுகளில் மட்டும். பதிவில் அங்கன்வாடிக்கு வரும் எல்லாக் குழந்தையும் உண்டு, ஆனால் அளவு சரியா என்பது டீச்சரின் நேரத்தையும் பலகையின் நிலையையும் பொறுத்தது. ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்ப்பதுதான் நடைமுறைக்கு ஏற்ற வழி.

எந்தக் குழந்தைகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை?

வீடு வீடாகப் போகும் ஆய்வில் வீடு இல்லாதவர்கள் வர மாட்டார்கள். விடுதியிலும் காப்பகத்திலும் இருப்பவர்கள் வர மாட்டார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது செங்கல் சூளைக் குழந்தைகள். பொங்கல் வாக்கில் குடும்பத்தோடு சூளைக்குப் போய் மழை தொடங்கும்போது திரும்பும் குழந்தைக்கு, சொந்த ஊர்ப் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. "பள்ளியில் படிக்கிறதா?" என்றால் ஆம். சூளை இருக்கும் ஊர் அங்கன்வாடியில் பெயர் இல்லை. திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மொழியும் சேர்ந்துகொள்கிறது. இவர்கள் சதவீதத்தில் சிறிய எண்ணாக இருக்கலாம். ஆனால் அந்த 2.2ஐத் தேடிப் போகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.

இலங்கையில் குழந்தைகளைத் தனியாக அளந்தார்களாமே?

ஆமாம். 2019ல் நடந்த வீட்டு வருமான, செலவு ஆய்வை வைத்துச் செய்தார்கள். நாட்டு மக்களில் 16 சதவீதம் பேர் பல்பரிமாண ஏழைகள் என்று வந்தது. நான்கு வயது வரையான குழந்தைகளுக்கு ஊட்டக்குறைவு, முன்பள்ளிக் கால வளர்ச்சி இரண்டையும் சேர்த்துத் தனியாக அளந்தபோது 42.2 சதவீதம். இரண்டும் வெவ்வேறு அளவுகோல், நேராக ஒப்பிடக் கூடாது. ஆனால் குழந்தைக்குரிய கேள்வியைக் கேட்டதும் படம் எவ்வளவு மாறுகிறது என்பது தெரிகிறது. தோட்டத்துறையில், அதாவது பெரும்பாலும் மலையகத் தமிழர் வாழும் லயன்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில், பாதிக்கும் மேற்பட்டவர்கள் பல்பரிமாண ஏழைகள். 2022 பொருளாதார நெருக்கடிக்கு முந்தைய நிலை இது.

அளந்து என்ன ஆகப்போகிறது? அறிக்கை அலமாரிக்குத்தானே போகும்?

போகாமலும் செய்திருக்கிறார்கள். கொலம்பியா 2011ல் தனக்கென்று 15 விஷயங்கள் கொண்ட குறியீட்டை அமைத்தது. அதில் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு தனிப் பிரிவே உண்டு: பள்ளிக்குப் போவது, வயதுக்குரிய வகுப்பில் இருப்பது, சின்னக் குழந்தைக்குப் பராமரிப்பு கிடைப்பது, குழந்தைத் தொழில். ஒவ்வொன்றுக்கும் இலக்கும் பொறுப்பான துறையும் வைத்து, சிக்னல் விளக்கு மாதிரி சிவப்பு, மஞ்சள், பச்சை போட்டு அமைச்சர்கள் கூட்டத்தில் வைத்தார்கள். சிவப்பில் இருக்கும் விஷயத்துக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டில், 2024 பிப்ரவரி பட்ஜெட் இந்த 2.2ஐச் சுட்டிக்காட்டித்தான் ஐந்து லட்சம் மிக ஏழைக் குடும்பங்களைத் தூக்கிவிட ஒரு திட்டத்தை அறிவித்தது. எண் ஒரு திட்டத்துக்கு அடித்தளம் போட்டுக் கொடுத்தது. ஆதரவற்ற முதியோர், பெற்றோரை இழந்த குழந்தைகள் என்று தேடிப் போகும் நோக்கம் அதில் இருந்தது நல்லது. குழந்தை வாரியான கணக்கு கையில் இருந்திருந்தால் இன்னும் சரியாகத் தேடியிருக்கலாம்.

மாவட்டங்களுக்கு ரேங்க் போடுவது உதவுமா?

ஓரளவு. மத்திய அரசு 2018ல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் 112 மாவட்டங்கள். தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் விருதுநகரும். 49 குறியீடுகளை வைத்து மாதாமாதம் முன்னேற்றத்தைப் பார்த்து ரேங்க் போடுகிறார்கள். கலெக்டரின் கவனம் அங்கன்வாடி வரை இறங்குகிறது, அது பெரிய விஷயம். 2023ல் 500 ஒன்றியங்களுக்கும் விரிவாக்கினார்கள். ஆனால் ரேங்குக்காக அளக்கத் தொடங்கினால் பலகையில் இருக்கும் 85, செயலியில் 88 ஆகும் ஆபத்து உண்டு. குறைவான எண்ணைச் சொன்ன டீச்சருக்குத் திட்டு விழாமல், கூடுதல் சத்துமாவும் ஒரு செவிலியர் வருகையும் கிடைக்கும் என்றால் எண் உண்மையாக வரும்.

வறுமை இல்லாமல் இருந்தால் நலம் என்று அர்த்தமா?

இல்லை. யுனிசெஃப் 2020ல் வசதியான நாடுகளின் குழந்தைகளை மனநலம், உடல்நலம், திறன் என்று ஒப்பிட்டபோது நெதர்லாந்து முதலிடம் வந்தது. அமெரிக்கா பட்டியலின் கடைசி சில இடங்களில் ஒன்றில் இருந்தது. பணத்தின் வரிசைப்படி நலம் வரவில்லை.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. பிள்ளைகள் காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வருகிறார்கள் என்பதை எந்தக் குறியீடும் காட்டியிருக்காது. வீட்டில் அரிசி இருக்கும், கேஸ் அடுப்பும் இருக்கும். அம்மா ஏழு மணிக்கே வேலைக்குப் போயிருப்பார். பிள்ளைகளிடம் கேட்டால்தான் தெரியும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது, முதலில் 1,545 அரசுப் பள்ளிகளில். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. "காலையில் என்ன சாப்பிட்டாய்?", "பள்ளிக்கு வரப் பிடித்திருக்கிறதா?", "யாராவது அடிக்கிறார்களா?" என்ற மூன்று கேள்வியையும் குழந்தையிடமே கேட்டுப் பதிவு செய்யும் ஆய்வு நமக்கு வேண்டும்.

தமிழ்நாடு தனக்கென்று ஒரு குழந்தைக் குறியீடு வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம், வங்கிக் கணக்கு போன்றவை இங்கே ஏறக்குறைய எல்லோருக்கும் வந்துவிட்டன. அவற்றை அளந்து எந்த ஒன்றியம் பின்தங்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ரத்தசோகை, மூன்றாம் வகுப்பில் சரளமாகப் படிப்பது, பன்னிரண்டாவது முடிப்பது, குழந்தைத் திருமணம், வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர், இவற்றைச் சேர்த்தால் எண் 2.2ஐவிடப் பெரிதாகத்தான் வரும். எதிர்க்கட்சி கேட்கும், செய்தியாகும். அந்தச் சங்கடத்துக்குப் பயப்படாத மாநிலம் என்று தமிழ்நாட்டைப் பற்றி நான் நம்புகிறேன். மதிய உணவு தொடங்கியபோது பசி இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள யாரும் தயங்கவில்லை.

என் மாவட்டத்தின் எண்ணை எப்படிப் படிப்பது?

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று மாவட்டத் தகவல் தாள் இணையத்தில் கிடைக்கும். முதலில் உங்கள் மாவட்டம் எப்போது பிரிந்தது என்று பாருங்கள். 2019லோ அதற்குப் பிறகோ பிரிந்தது என்றால் தாய் மாவட்டத்தின் தாளை எடுக்க வேண்டும். அப்புறம், சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். 25 முதல் 49 பேரை மட்டும் வைத்து வந்த எண் அது, ஜாக்கிரதையாகப் பயன்படுத்துங்கள். நட்சத்திரக் குறி மட்டும் இருந்தால் 25 பேர்கூடக் கிடைக்கவில்லை என்று பொருள். தாளில் உயரம், எடை, ரத்தசோகை மூன்று வரியையும் குறித்துக்கொண்டு, உங்கள் தெரு அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாள் எது என்று கேட்டு, டீச்சருக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.